கண் திறக்காமல் விமானம் ஏறிய படை

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, தலைக்குக் குளித்து, ஈரம் காயாத முடியோடு ரயில் ஏறி வேலைக்குப் போனேன். என் மேஜை விளக்கைப் போட்டேன். புதுப் பிரஷ்ஷின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினேன். அலமாரி காலியாக இருந்தது.

நூற்றெண்பது பேர் நின்றிருந்த இடம் அது. வில் பிடித்தவர்கள், ஈட்டி பிடித்தவர்கள், குதிரைமேல் இருபது பேர், கொடி தூக்கியவன் ஒருவன். ஒருவர்கூட இல்லை. பலகையில் பச்சைத் தூள் மட்டும் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. கீழ்த் தட்டில் பார்த்தேன். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஏன் அங்கே பார்த்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பேக்கிங் மேஜையிலிருந்து குரல் வந்தது. அங்கே வேலை பார்ப்பவள் என் வயதுக்காரி, மீஞ்சூரிலிருந்து வருபவள். "இன்னா மே, காலைலயே தரைல தேடினுகீற?"

"இங்க நின்னுகினு இருந்தாங்களே, நூத்தியெம்பது பேரு..."

"அவனுங்களா? சனிக்கெழமையே ஏத்தி வுட்டாச்சு. இந்நேரம் ஏரோப்பிளேன்ல ஜன்னலோரமா குந்திகினு போவானுங்க."

அந்த நூற்றெண்பது பேரில் ஒருவனுக்கும் நான் இன்னும் கண் திறக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை என்று சொன்னால் எல்லாரும் இரும்பு உருக்காலையா, கெமிக்கலா என்றுதான் கேட்பார்கள். நான் பெயின்ட் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும். பதில் சொல்ல எனக்குக் கூச்சம். எங்கள் யூனிட்டில் நாங்கள் ஒன்பது பேர். கட்டைவிரல் உயரத்தில் ஈயம்போல் ஒரு உலோகத்தில் வார்த்த சிப்பாய்கள் வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வருவார்கள். அவர்களுக்கு நாங்கள் வர்ணம் பூசித் திருப்பி அனுப்புவோம். அறுநூறு, எழுநூறு வருடங்களுக்கு முன் அந்த நாட்டு ராஜாக்கள் சண்டை போட்டபோது எந்தப் படை எந்த நிறச் சட்டை போட்டது, எந்தக் கேடயத்தில் என்ன சின்னம் என்று படங்களும் வரும். ஒரு கோடு மாறினாலும் வாங்குகிறவர் கண்டுபிடித்துவிடுவார். அவர்கள் இந்தப் படைகளை ஒரு பெரிய மேஜையில் எதிரும் புதிருமாக நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து அளந்து நகர்த்தி, அந்தப் பழைய சண்டையை மறுபடி போடுவார்கள். முதலாளி ஒருமுறை செல்போனில் காட்டினார். தாடி வைத்த பெரிய மனிதர்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. எனக்கு அவர்களைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

அதற்கு முன் நான் இதே பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருந்தேன். எழுபது பேர் வரிசையாக உட்கார்ந்து, லென்ஸ் வழியாகக் கீறல் தேடும் வேலை. கத்திக்கொண்டே இருப்பார்கள். யார் கத்தினாலும் என்னைத்தான் என்று எனக்குத் தோன்றும். கான்ட்ராக்ட் முடிந்ததும் இங்கே வந்தேன். பத்தாவது வரைதான் படிப்பு, ஓவியம் தெரியாது. ஆனால் லென்ஸின் கீழே கை நடுங்காது. அதைப் பார்த்துவிட்டு முதலாளி கண் வரையும் வேலையை எனக்குக் கொடுத்தார். ஜன்னலை ஒட்டி ஒரு தனி மேஜை. மற்றவர்கள் நடு ஹாலில் ஒரே நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். என் மேஜையில் நானும் விளக்கும்தான். நாலு வருடமாக எனக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை.

முதலாளி முன்பு கொலு பொம்மை செய்து விற்றவர். அங்கிருந்து ஒரு வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார். எல்லா வேலையும் முடிந்து, வார்னிஷும் அடித்து, காலடியில் புல்லும் ஒட்டிய பிறகுதான் கண். அதையும் ஒரே ஆள்தான் திறக்க வேண்டும். சுத்தமாக இருந்து திறக்க வேண்டும். கண் திறக்காத சிப்பாய்களைச் சுவரைப் பார்த்து நிறுத்த வேண்டும். திறந்தவர்களை அறையைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். அறையைப் பார்த்து நிற்பவன் கிளம்பத் தயார் என்று அர்த்தம். சீட்டு, கையெழுத்து ஒன்றும் கிடையாது. மேல்நாட்டு ராஜா ஒருவரின் வில்படைக்கு நம்மூர் விநாயகர் பொம்மையின் மரியாதை. யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

அந்த மாதம் ஆர்.கே.பேட்டையில் என் கணவரின் பெரியப்பா இறந்துவிட்டார். வேலைக்கு நான் வந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் நீள மேஜைக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில், "தீட்டோட கண்ணு தொறக்காதீங்கக்கா" என்றார்கள். முதலாளியும், "மாசக் கடைசி வரைக்கும் டைம் கீது, காரியம் முடியட்டும்" என்றார். அதனால் பதினைந்து நாளும் நான் காலடி வேலை பார்த்தேன். அடித்தட்டில் பசை தடவி, மணல் தூவி, பச்சைத் தூள் ஒட்டுவது. படை முழுவதும் முடிந்து சுவரைப் பார்த்து நின்றது, என் கைக்காக.

இப்போது அந்தப் படை வானத்தில் போய்க்கொண்டிருந்தது.

முதலாளி பத்து மணிக்கு வந்தார். நான் வாய் திறப்பதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை. அப்படியே பேக்கிங் மேஜை முன்னால் போய் நின்றார்.

"எம்மா, கண்ணு இல்லாம ஏத்திட்டியா?"

"மூஞ்சி இந்தப் பக்கம் இருந்துச்சு சார். இந்தப் பக்கம் இருந்தா ஏத்துன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். கைல எடுத்தியே, ஒருத்தன் மூஞ்சியக்கூடவா பாக்கல?"

"நான் இன்னா பொண்ணு பாக்கவா போனேன், மூஞ்சி மூஞ்சியா பாக்கறதுக்கு? எடுத்தேன், பஞ்சு சுத்துனேன், பொட்டில வெச்சேன். நூத்தியெம்பது வாட்டி."

"சுவத்தப் பாத்து நின்னவன் தானாவா திரும்புவான்?"

"அத அவனுங்களத்தான் கேக்கணும்."

நீள மேஜையில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். முதலாளி சிரிக்கவில்லை. எங்கள் வேலையில் பாதி அந்த ஒரு வாடிக்கையாளருடையது. அவர் கைவிட்டால் ஒன்பது பேரில் எத்தனை பேர் மிச்சம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தானாகவா திரும்புவான் என்று அவர் கேட்ட அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடைசித் தட்டுக்குப் புல் ஒட்டி முடித்திருந்தேன். முன்பக்கம் எங்காவது மணல் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக வரிசை வரிசையாக எல்லாரையும் என் பக்கம் திருப்பினேன். சரியாக இருந்தது. மறுநாள் ஆர்.கே.பேட்டை போக வேண்டும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்ப சுவரைப் பார்த்து வைக்கவில்லை. இந்த வழக்கத்தில் வேறு யார் தவறு செய்திருந்தாலும் நான் நம்பியிருப்பேன். தினமும் அந்தச் சிப்பாய்களைத் திருப்பித் திருப்பி வைப்பவளே நான்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஹால் முழுவதும் பேக்கிங்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னால் அது என்னைப் பார்க்கும். மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் என் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றரை மணி டீக்கு முதலாளி மாடியிலிருந்து கீழே வந்தபோது எழுந்து நின்றேன். "நான்தான் சார் திருப்பி வெச்சேன். புல்லு சரியாகீதான்னு பாக்க. மறந்துட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். என்னையே பார்த்தார். "நீங்களாக்கா?" என்றார். அப்படிக் கேட்டதற்குப் பதிலாக அவர் கத்தியிருக்கலாம். பழைய கம்பெனியில் கேட்ட கத்தலெல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

பேக்கிங்காரிதான் பேசினாள். "ஏன்மே, இத காலைலயே சொல்லியிருந்தா நான் சோறாவது துன்னிருப்பேன் இல்ல?"

பெட்டியை நடுவழியில் நிறுத்தப் பார்த்தார்கள். முடியவில்லை. வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே எழுதிவிடலாமா என்று முதலாளி இரண்டு நாள் யோசித்தார். பிறகு, பெட்டி போய்ச் சேரட்டும், அவர் திட்டினால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒருநாள் அவர் போனில் யாரிடமோ, "லென்ஸ் வேலைக்குக் கை நிக்கிற ஆளு யாராவது கெடைப்பாங்களா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. வேறு எதற்காகவாவது கேட்டிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஜன்னலோர மேஜை கையைவிட்டுப் போகிறது என்றுதான் நினைத்தேன். நீள மேஜையில் உட்கார்ந்து நாள் முழுவதும் பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு நாற்பத்தேழு வயது. இந்த வயதில் ஒரு மேஜைக்காக இப்படிப் பயப்படுவேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. கணவரிடமும் சொல்லவில்லை. அவர் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் லாரிகளோடு பாடுபட்டுவிட்டு வருகிறவர்.

பதினோராவது நாள் வாடிக்கையாளரிடமிருந்து மெயில் வந்தது. முதலாளி மாடியிலிருந்து லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு இறங்கினார். முகம் ஒரு மாதிரி இருந்தது. எல்லாரும் கையை நிறுத்தினோம்.

"படிக்கிறேன், கேளுங்க" என்றார். அவர் ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் பேச்சில் சொன்னார். "இத்தினி வருசத்துல நீங்க அனுப்புனதுலயே இதான் பெஸ்டு. இப்பத்தான் இவங்க சண்டைய பாத்த ஆம்பளைங்க மாரி கீறாங்க. மூஞ்சில இன்னா பண்ணீங்கன்னு தெர்ல, இனிமே எல்லாத்துக்கும் அதையே பண்ணுங்க."

ஹாலே வெடித்தது. மேஜையைத் தட்டினார்கள். பேக்கிங்காரி இரண்டு கையையும் தூக்கி, "தோத்திரம்!" என்று கத்தினாள். "ஒண்ணுமே பண்ணலன்னு எழுதுங்க சார்! அதான் ரகசியம்!"

நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. முதலாளி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "இத பாருங்கக்கா. போட்டோ வேற அனுப்பிகீறாரு."

பச்சைத் துணி விரித்த மேஜை. இடது பக்கம் புதிதாகப் போன நூற்றெண்பது பேர். வலது பக்கம் இரண்டு வருடத்துக்கு முன் நான் கண் திறந்து அனுப்பிய படை. படத்தைப் பெரிதாக்கி எடுத்திருந்தார். இடது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கண் குழியில் நிழல் மட்டும் இருந்தது. தலைக்கவசத்துக்குக் கீழே இருட்டு. அந்த இருட்டிலிருந்து அவர்கள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கத்தில் என்னுடையவர்கள். வெள்ளை வெளேரென்று கண், நடுவில் கறுப்புப் புள்ளி. ஒவ்வொருவனும் விழி பிதுங்க நின்றான். பாம்பை மிதித்தவனைப் போல. பின்னாலிருந்து யாரோ பளார் என்று அறைந்தவனைப் போல. வில்காரன், ஈட்டிக்காரன், ராஜா, குதிரைக்காரன், எல்லாரும் ஒரே முகம். ஒரு படை முழுவதும் திடுக்கிட்டு நின்றது.

லென்ஸின் கீழே நான் அப்படிப் பார்த்ததேயில்லை. அங்கே ஒரு கண் என் கண்ணளவு பெரிதாக இருக்கும். வெள்ளை உருண்டையாக, புள்ளி நடுவில் சரியாக இருந்தால் எனக்கு நிம்மதி. கையை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நாலு வருடத்தில் ஒருமுறையும் தோன்றவில்லை. ஹாலில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. கொலு பொம்மைக்குக் கண் எப்படியோ, அப்படித்தானே கண்.

"அப்ப இனிமே கண்ணு வேணாம்" என்றார் முதலாளி. நிம்மதியாகச் சொன்னார்.

பேக்கிங்காரி சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்கு மனதில் பட்டதை அடக்கத் தெரியாது. "அப்ப இவளுக்கு இன்னா வேல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பாப்போம். புல்லு நல்லாத்தான ஒட்றாங்க. அங்க ஒரு சேர் போட்டுக்கலாம்" என்று நீள மேஜையைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றேன். எதிர் பிளாட்பாரத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஒருவர் கண்ணும் தெரியவில்லை. புருவத்துக்குக் கீழே நிழல் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் யார் களைத்திருக்கிறார், யார் கோபமாக இருக்கிறார், யார் ரயில் வரும் திசையைப் பார்க்கிறார் என்று எல்லாமே தெரிந்தது. என் ரயில் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை. அடுத்த ரயில் வரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர்களை நான் எவ்வளவு குறைவாக நிமிர்ந்து பார்த்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து நீள மேஜை. என் லென்ஸ் விளக்கை உறை போட்டு மூடி வைத்தார்கள். நான் புல் ஒட்டினேன். "அக்கா வாய்ல கொழுக்கட்டையா?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நாஷ்டாவுக்கு என்ன, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா, ஏன் புடவை மட்டும் கட்டுகிறீர்கள் என்று கேள்வி ஓயாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் காதுக்குள் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை முடிவு செய்தேன். இரண்டு முறையும் காலையில் ரயில் ஏறினேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு பெரிய பெட்டி வந்தது. புதுச் சிப்பாய்கள் என்று நினைத்துத் திறந்தார்கள். உள்ளே பஞ்சு சுற்றி வைத்திருந்தது நாங்கள் வர்ணம் பூசிய படை. நாலு வருடமாக அந்த வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பியவர்கள், மூவாயிரத்துக்கும் மேலே. கூடவே ஒரு கடிதம். முதலாளி படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, பழசு எல்லாத்தையும் புதுசு மாரியே பண்ணித் தரணுமாம். கண்ண எடுத்துட்டு நெழல் மட்டும். மூணு மாசம் டைம் குடுத்துகீறாரு." கொஞ்சம் நிறுத்தினார். "லென்ஸ்ல பண்ற வேல. உங்க டேபிள்ல குந்திகினு பண்ணுங்க."

கண் திறக்க ஆயிரம் முறை உண்டு. திறந்த கண்ணை அழிக்க என்ன முறை என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வேலையை எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு பெண் எழுந்து பெட்டியைவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

பேக்கிங்காரி என் முழங்கையைப் பிடித்தாள். "வாணாம் மே. தொறந்தத மூடறது கர்த்தர் வேல. வேற எவன்கிட்டயாவது குடுத்துப் பண்ணிக்கட்டும்."

"மூடல. நெழல் போடறாங்க" என்றார் முதலாளி.

"நீங்க போடுங்களேன் பாப்போம்!"

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்கூட அவர் வரவில்லை. கொலு பொம்மை விற்ற கை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கண் திறந்தது நான். வேறு யார் கையை வைத்தாலும் அது தப்பு என்று அவர்கள் நினைத்ததும், நான் வைத்தால் அது அதைவிடப் பெரிய தப்பு என்று நினைத்ததும் எனக்குத் தெரிந்தது. முடியாது என்றால் நீள மேஜை. அதுவும் எத்தனை நாளைக்கோ.

ஒரு தட்டு நிறைய ஆட்களை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். விளக்கின் உறையைக் கழற்றினேன். காவியும் கறுப்பும் கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு மெலிதாக்கினேன். முதலில் கையில் வந்தவன் ஒரு வில்காரன். லென்ஸின் கீழே அவன் விழி பிதுங்க என்னைப் பார்த்தான். நான் வைத்த விழிதான். பிரஷ்ஷை அவன் புருவத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். எவ்வளவு நேரம் அப்படி நிறுத்தினேனோ தெரியாது. பிறகு தொட்டேன். ஒரு சொட்டு குழியில் பரவி நின்றது. அவ்வளவுதான். திடுக்கிடல் போய்விட்டது. களைத்த ஒரு மனிதன் தூரத்தில் எதையோ பார்த்தபடி நின்றான். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது.

மதியத்துக்குள் நாற்பது பேர் முடிந்தார்கள். என் தோளுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பேக்கிங்காரி டிபன் பாக்ஸோடு நின்றாள். முடிந்தவர்களை அவள் பார்க்கவில்லை. என்னைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னா மே, அழுவுறியா?"

"இல்லியே."

"பின்ன ஏன் முழிய அப்படிப் பிதுக்கி வெச்சுகினுகீற? பாக்கவே பயமாகீது. வா, துன்னுட்டு வந்து பண்ணு."

"இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு, நாற்பத்தொன்றாவது ஆளை எடுத்தேன்.